கல் கிடந்த இடத்தில் கட்டிய கட்டடம்

எங்கள் பக்கத்தில் பொதுக் கட்டடம் கட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பந்தல் போட்டு அடிக்கல்லை நடுவார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும். அதற்கப்புறம்தான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் என்ன மண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். தாலியைக் கட்டிவிட்டு ஜாதகம் பார்க்கிற கதைதான். பொருத்தமில்லை என்று நீங்கள் சொன்னாலும் யாரும் தாலியை அவிழ்க்கப் போவதில்லை.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பிரிவில் வரைவாளராகச் சேர்ந்து, தலைமை வரைவாளராக ஓய்வு பெற்றவன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மதுரையிலிருந்து திருவாதவூர்ப் பக்கம் போகிற சமவெளியில், கண்மாயும் பாறையும் மாறி மாறி வருகிற இடத்தில் அது இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் அங்கிருந்து கவிதா என்கிற உதவிப் பொறியாளர் ஆனையூரில் என் வீட்டுக்குப் போன் செய்தாள். பழைய ஆட்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், ஆர்ட்ஸ் பிளாக்கை இடிக்கப் போறோம். பின்பக்கம் பூரா வெடிச்சுப் போச்சு. ஆனா முன்பக்கத்துல ஒரு கீறல்கூட இல்ல. ஒரே கட்டடம், ஒண்ணாத்தான கட்டியிருக்காங்க? எப்படி சார் இது?"

"நேர்ல வந்து சொல்றேம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்தபிறகு கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது என்பது எனக்கே அதிசயமாக இருந்தது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். அப்பா கீழவாசல் பக்கம் நூலுக்குச் சாயம் போட்டார். கறை போகாத அவருடைய விரல்களைப் பார்த்துப் பயந்துதான் நான் பாலிடெக்னிக் பக்கம் ஓடினேன். படித்து முடித்து, தல்லாகுளத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வீட்டுப் பிளான்களுக்குக் கோடு இழுத்து, எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அங்கே இந்தியன் இங்க்கில் என் விரல்களும் கறுத்தன. அப்பா பார்த்துச் சிரித்தார்.

எங்கள் அலுவலகம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. வரிசையாக வரைபலகைகள். டிரேசிங் துணிமேல் மையால் வரைவோம். தப்பாகிப் போனால் பிளேடால் சுரண்டி எடுத்து, சுரண்டின இடத்தை நகத்தால் வழவழப்பாகத் தேய்த்து, மறுபடி வரைய வேண்டும். நகல் எடுக்கிற அறையில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். சித்திரை வெயிலில் வியர்வை சொட்டி மை கலைந்துவிடாமலிருக்க மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொள்வோம்.

செயற்பொறியாளர் பரமசிவம் சார்தான் எங்களுக்குத் தலைமை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டையில் இருப்பார். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். கல் சுமக்கிற பெண்ணிடம்கூட "நீங்க கொஞ்சம் நிழல்ல நில்லுங்கம்மா" என்றுதான் பேச்சு. வரைபடத்தை உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. என் பலகைக்கு எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முதலில் வடக்கு எது என்று பார்ப்பார். அடுத்து மழைத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் அறைகளைப் பார்ப்பார்.

"மனுசன் கதவைத் தேடி வருவான் சாந்தாராம். தண்ணி அது பாட்டுக்கு வரும். அதுக்கு மொதல்ல வழியச் சொல்லுங்க" என்பார்.

தப்பு இருந்தால் திட்ட மாட்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, நகலில் அந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை மாடிப்படிமேல் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். மேலே உத்தரம் இடிக்கும், உயரமான ஆள் குனிந்துதான் ஏற முடியும் என்பது சாயங்காலம்தான் உறைத்தது. அந்தப் புள்ளியைத் திட்டாத வரைவாளர் எங்களில் கிடையாது. அதற்குப் பயப்படாதவரும் கிடையாது.

அப்போது விஞ்ஞானத் துறைகளுக்கெல்லாம் கட்டடம் வந்துவிட்டது. வெளியூர்க் கட்டடக் கலைஞர்கள் வந்து வரைந்து கொடுத்தார்கள். வரலாறு, தமிழ், பொருளாதாரம் எல்லாம் கொட்டகையில். ஆர்ட்ஸ்காரர்களுக்கு என்ன வேண்டும், ஒரு கரும்பலகையும் நாலு பெஞ்சும் போதாதா என்பது மேலிடத்தின் நினைப்பு. அதனால்தான் கலைப்புலக் கட்டடத்தை வரைகிற வேலை வெளியே போகாமல் எங்களிடமே வந்தது. உப்புக்குச் சப்பாணியாக வந்த வேலைதான். பரமசிவம் சாருக்கு அது அப்படித் தெரியவில்லை.

"இம்புட்டு வருச சர்வீசுல தண்ணித் தொட்டி கட்டினேன், காம்பவுண்டுச் சுவர் கட்டினேன், குவார்ட்டர்ஸ் கட்டினேன்" என்றார் ஒரு நாள். "பரமசிவம் கட்டினதுன்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு கட்டணும் சாந்தாராம். இதுதான் அது."

வளாகத்தின் வடக்கே ஒரு பாறைமேடு இருந்தது. சரிவான பாறை, நடுவில் ஒரு ஆலமரம். மேட்டுக்குக் கீழே, தெற்கே, பழைய கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற உட்பக்கம். பல வருடமாக மழை பொய்த்து அது காய்ந்து கிடந்தது. பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். சார் மேட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். பாறையை உடைக்காமல் அதன் சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாக இறங்கும் வகுப்பறைகள். ஆலமரத்தைச் சுற்றி முற்றம். சரிவையே இருக்கையாக வைத்துக்கொண்டு ஒரு திறந்தவெளி நாடக மேடை. அறைக்கு அறை தென்மேற்குக் காற்று வரும்.

வரலாற்றுத் துறைத் தலைவர் லீலாவதி அம்மா அடிக்கடி எங்கள் கொட்டகைக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் வகுப்பெடுத்த கொட்டகையில் மழை பெய்தால் சத்தத்தில் பாடம் கேட்காது. வெயில் காலத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். "என் ரூம் எது சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் காட்டுவேன். அடுத்த முறையும் கேட்பார். கேட்பதில் அவருக்கு ஒரு சுகம்.

படம் முடிகிற தறுவாயில் இருந்தபோது, மந்திரி ஒருவர் மதுரைக்கு வருகிறார், அப்படியே நம் அடிக்கல்லையும் நட்டுவிடுகிறார் என்று திடீரென்று தகவல் வந்தது. பந்தல்காரர் வந்து மேட்டைப் பார்த்தார். பாறையில் குழி தோண்டிக் கால் நட முடியாது, கார் ஏறாது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். கண்மாய் உள்வாய் பாய் விரித்தது போலச் சமமாக இருந்தது. பந்தலை அங்கே போட்டுவிட்டார்.

பரமசிவம் சார் பதிவாளரிடம் ஓடினார். நானும் படச் சுருளோடு கூடப் போனேன். பதிவாளர் சிரித்த முகக்காரர். யாரையும் நோகடித்துப் பேசத் தெரியாதவர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும்.

"சார், அது கண்மாய். களிமண்ணு. கட்டடம் அங்க வரல. மேல வருது" என்றார் சார்.

"தெரியுமே பரமசிவம். விழாவுக்குத்தானே? மந்திரி வந்து ஒரு கரண்டி சிமெண்டு போட்டுட்டுப் போகப்போறாரு. கல்லை அப்புறம் மேல மாத்திக்கிருவோம். இதுக்குப் போயி இம்புட்டு வேர்த்துப் போயி வந்திருக்கீக? ஒரு காப்பி சாப்பிடுங்க."

காப்பி சாப்பிட்டோம். மந்திரி வந்தார், கரண்டி பிடித்தார், போனார். கறுப்புக் கல்லில் பொன்னெழுத்து. "கலைப்புலக் கட்டடத்திற்கு இவ்விடத்தில் அடிக்கல் நாட்டப்பெற்றது." அந்த 'இவ்விடத்தில்' என்ற சொல்லைச் செதுக்கச் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்லை மேலே மாற்ற வேண்டும் என்று சார் கேட்டபோது, மந்திரி நட்ட கல்லைப் பிடுங்கினால் வேறு அர்த்தமாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தார். ஆட்சி மாறியது. இப்போதாவது எடுக்கலாமே என்று கேட்டார். போன ஆட்சியின் கல்லை இந்த ஆட்சியில் எடுத்தால் பழிவாங்குகிறோம் என்று பேசுவார்கள், சும்மா விடுங்கள் என்றார்கள். இருந்தாலும் ஆகாது, போனாலும் ஆகாது. நான்கு ஆள் தூக்கினால் நகரக்கூடிய ஒரு கல்லை ஒரு பல்கலைக்கழகத்தால் நகர்த்த முடியவில்லை. கட்டடத்தைத்தான் கல்லை நோக்கி நகர்த்தச் சொன்னார்கள்.

ஒரு கோடையில் சார் என்னைக் கூட்டிக்கொண்டு உள்வாய்க்குப் போனார். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. ஆட்களை வைத்துச் சோதனைக் குழி வெட்டச் சொன்னார். ஆள் உயரத்துக்கு மேலும் களிமண்தான், அதற்கும் கீழேதான் சரளை தட்டியது. ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். ஊசி நூல் மாதிரி நீண்டது, அறுபடவே இல்லை.

"பாத்தீங்களா? அறுகாம நீளுதுன்னா அம்புட்டும் களி. மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். மேல எதை வச்சாலும் தூக்கித் தூக்கிப் போடும்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா கட்டின வீட்டுல வருசா வருசம் மழைக்குப் பெறகு சுவரப் பூசுவோம். கதவை இழைச்சு இழைச்சு, கடைசியில அது சன்னல் அளவுக்கு ஆயிப்போச்சு. அந்த மண்ணுல இருந்து தப்பிச்சுப் படிச்சு வந்தவன் நான்."

மேட்டுக்கு வரைந்த படத்தைக் கட்டி மூலையில் வைத்தேன். சமதளத்துக்கு வேறு படம் வரைய உத்தரவு வந்தது. சார் வரையவும் சொல்லவில்லை, வரைய வேண்டாம் என்றும் சொல்லவில்லை; நானே வரைந்து வைத்தேன். கோப்பில் கையெழுத்துப் போடாமல் சார் வருடக்கணக்காக இழுத்தார். அவரால் முடிந்த போராட்டம் அதுதான். இதற்கிடையில் ஒரு ஐப்பசியில் நல்ல மழை பெய்து உள்வாயில் தண்ணீர் நின்றது. அடிக்கல் முழுகியது. இப்போதாவது புரியும் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். தண்ணீர் வற்றியதும் ஆள் விட்டுக் கல்லைக் கழுவினார்கள். அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக நிதி வந்தது. மார்ச்சுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அப்போது லீலாவதி அம்மா வந்தார். வழக்கம்போல என் பலகைப் பக்கம் வரவில்லை. நேரே சார் மேசைக்குப் போய் நின்றார். சார் எழுந்துகொண்டார்.

"சார், நீங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்களாமே."

"அந்த மண்ணுல வேண்டாம்மா. கொஞ்சம் பொறுத்தா மேட்டுக்கு..."

"எம்புட்டு வருசம் சார் பொறுக்கிறது? மேட்டுல கட்டணும்னு நீங்க சொல்லச் சொல்ல, நான் கொட்டகையிலயே கெழவியாயிட்டேன். நேத்துக்கூட ஒரு பொண்ணு வகுப்புல விழுந்து தலையில அடிபட்டுக்கிருச்சு. இந்தப் பணமும் போச்சுன்னா இனிமே எங்களுக்கு யார் சார் தருவா? சயின்ஸ்காரங்க எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. எங்க இருந்தா என்ன சார், ஒரு கூரை வேணும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

எதிரி வந்து மிரட்டியிருந்தால் சார் கடைசிவரை நின்றிருப்பார். யாருக்காகக் கட்டடமோ அவரே வந்து கெஞ்சினால் என்ன செய்வார்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பைல் போட ஒத்துக்கிட்டாங்கன்னா கையெழுத்துப் போடுறேம்மா" என்றார்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். களிமண்ணில் சாதாரண அஸ்திவாரம் நிற்காது. அதற்குப் பதில், சரளை தட்டுகிற வரைக்கும் கைத் துரப்பணத்தால் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகட்டி, கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அதுதான் பைல். மேல் மண் ஊதினாலும் சுருங்கினாலும் அந்தத் தூண்கள் அசையாது. கட்டடம் மண்ணைத் தொடாமல் அவற்றின் தலையில் உட்கார்ந்திருக்கும். பாறைமேடு கிடைக்காதவனுக்கு அதுதான் வழி.

நிதிக் குழுக் கூட்டத்துக்குப் படங்களைப் பிரித்துக் காட்ட நான் போயிருந்தேன். மண்ணுக்குள்ளே இத்தனை செலவா என்று ஒருவர் கேட்டார். மேலே யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது என்றார் இன்னொருவர். முகப்பில் பெரிய வளைவும் பளிங்குத் தரையும் வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதைக் குறைக்க யாருக்கும் மனசில்லை. ஆனை வாங்கத் துணிந்தவர்கள் அங்குசத்துக்குப் பேரம் பேசினார்கள். கடைசியில் பதிவாளர் தன் சிரித்த முகத்தோடு ஒரு சமரசம் சொன்னார்.

"பரமசிவம் சொல்றதும் நியாயம், நீங்க சொல்றதும் நியாயம். முன்பக்கத்துக்கு மட்டும் பைல் போட்டுருவோம். கல்லும் அங்கதான இருக்கு? பின்னாடி கிளாஸ் ரூம்தான, சாதாரணமாப் போட்டுக்கிரலாம்."

பாதிக் கட்டடத்துக்குப் பைல். இந்த உலகத்தில் வேறு எங்காவது இப்படி ஒரு முடிவு எடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பைலே போடாமல் விட்டிருந்தால்கூட முழுக் கட்டடமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருக்கும். ஒரு பாதி அசையாமல் நிற்க, மறு பாதி மூச்சு விட்டால் நடுவில் கிழியாமல் என்ன செய்யும்? சார் இதைச் சொன்னார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். நிதி போய்விடும் என்று அழுத லீலாவதி அம்மாவின் முகம் அவர் கண்ணில் நின்றிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். மை காய்கிற வரைக்கும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டபிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒட்டாமல், கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை இரண்டு விரல் இடைவெளி விடச் செய்தார். ஒன்று அசைந்தாலும் மற்றதை இழுக்காது. தினமும் தானே போய் அந்த இடுக்கில் கலவை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். விழுந்திருந்தால் கம்பியை விட்டுத் தானே சுரண்டி எடுப்பார். கொத்தனார்களுக்கு அது வேடிக்கை. "சார் கட்டடத்துக்குப் பல்லு குத்துறாரு" என்று பேசிக்கொள்வார்கள்.

திறப்பு விழாவுக்கு முன்னால் பெண் கல்யாணத்துக்காகச் சார் லீவில் போனார். அந்த நேரத்தில் பதிவாளர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். புதுக் கட்டடத்தில் இப்படிப் பிளவு விட்டு வைத்திருக்கிறார்களே, மந்திரி கண்ணில் பட்டால் என்ன நினைப்பார் என்று பதறிவிட்டார். ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, கூழாங்கல்லும் சிமெண்டும் திணித்துப் பூசி, வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டார். சார் திரும்பி வந்தபோது சுவர் வழவழவென்று இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திறப்பு விழா நடந்தது. வாசலில் இன்னொரு கறுப்புக் கல்வெட்டு. மந்திரி, துணைவேந்தர், பதிவாளர் என்று இறங்கி, கடைசியில் 'செயற்பொறியாளர் பரமசிவம்' என்று அவர் பெயர். பொன்னெழுத்தில். அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

அடுத்த மழையில் பின்பக்கம் எழும்பியது. பூசி மறைத்த இடத்தில் கூரையிலிருந்து தரை வரை ஒரு கோடு விழுந்தது. அங்கிருந்து கிளை பிரிந்து வகுப்பறைகளுக்குள் ஓடியது. மழைக்காலத்தில் கதவுகள் திறக்காது, கோடையில் மூடாது. விரிசல் வழியாக ஒழுகி வரலாற்றுத் துறையின் புத்தகங்கள் நனைந்து ஊதின.

விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டிவிட வேண்டும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். விலங்கியல் துறையில் மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற கண்ணாடியை நான் கேட்டு வாங்கி வருவேன். சார் ஒட்டுவார். உடையும். மறுபடி ஒட்டுவார். ஒரு மழைக்காலம் கண்ணாடி உடையாமல் தாண்டிவிட்டால் மண் அடங்கிவிட்டது, கட்டடம் பிழைத்துக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்தாலும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன்.

அவர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்தும் பஸ் ஏறி வருவார். கேட்டிலிருந்து நடந்து வருகிற அவரைப் பார்த்ததும் நான் பலகையை விட்டு எழுந்துவிடுவேன். வந்தவுடன் நலம் விசாரிக்க மாட்டார்.

"சாந்தாராம், செத்துருச்சா?"

"உசுரோடதான் சார் இருக்கு."

விரிசலைத்தான் கேட்கிறார்; நகராமல் நின்றுவிட்டால் அது செத்த விரிசல். பக்கத்தில் நிற்பவர்களுக்கு யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று தோன்றும். அது பொய்யும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் அவர் வந்தபோது, பின்பக்கத்து அறைகளைப் பூட்டியிருந்தார்கள். ஆபத்து என்று பலகை தொங்கியது. முகப்பும் அலுவலக அறைகளும் பளிங்குத் தரையும் ஜம்மென்று இருந்தன. வகுப்புகள் திரும்பவும் பழைய கொட்டகைக்குப் போய்விட்டன. அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த லீலாவதி அம்மா சாரைப் பார்த்து வெளியே வந்தார். அவருக்கும் அது ஓய்வு பெறுகிற வருடம்.

"நான்தான் சார் உங்களைக் கெடுத்தேன். அன்னைக்கு நான் வந்து அழுதிருக்கக் கூடாது."

"நீங்க கூரைதான கேட்டீங்க? மண்ணு என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டேன்" என்றார் சார்.

கொட்டகைக்குள் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

நாங்கள் கட்டடத்து வாசலுக்கு வந்தோம். சார் கல்வெட்டுக்கு முன்னால் நின்றார். வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"எம்பேரை மட்டும் எடுக்க முடியுமா சாந்தாராம்?"

"எப்படி சார்? கல்லுல வெட்டினது."

"ஒரு கொத்தனார வச்சுக் கொத்திவிடச் சொல்லுங்களேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டேன். கல்வெட்டை யாரும் தொடக்கூடாது என்றார்கள். அவரோ அன்றைக்குப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, கறுப்புக் கல்லில் தன் பெயரின்மேல் ஒரு புள்ளி வைக்கப் பார்த்தார். வழவழப்பான கல், பென்சில் பிடிக்கவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தார். முனை உடைந்தது. "பஸ்சுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று நடந்துவிட்டார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை. அதற்கப்புறம் நான் கண்ணாடி ஒட்டவில்லை.

கவிதாவிடம் நேரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, போன வாரம் போனேன். நல்ல பெண். சூட்டிகை. முன்பக்கத்துக்கு மட்டும் பைல் போட்ட கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். புதுக் கட்டடம் பாறைமேட்டில்தான் வரப்போகிறது, மண் பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது என்று படத்தை விரித்துக் காட்டினாள். ஆலமரத்தை விட்டுவைத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

"உங்க சார் பேரு உள்ள கல்வெட்டையும் பத்திரமா எடுத்து வச்சிருக்கோம் சார். புதுக் கட்டடத்துல பதிக்கப் போறோம்."

"அந்தப் பேரை மட்டும் எடுத்துர முடியுமாம்மா?"

"ஐயோ, எதுக்கு சார்? அது அவருக்கு மரியாதை இல்லையா?" என்றாள்.

நான் எப்படி விளக்குவது? சரி, பாறைமேல்தானே நிற்கப்போகிறது, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவளோடு வெளியே வந்தேன். கீழே, பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் உள்வாயில், லாரியிலிருந்து பந்தல் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்னம்மா?"

"அடிக்கல் நாட்டு விழா சார். மேட்டுல சேர் போட முடியல, கார் ஏறாதுன்னுட்டாங்க. விழாவுக்குத்தான சார்? கல்லை அப்புறம் மேல மாத்திக்கலாம்."

திரும்ப உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். மேசைமேல் அவளுடைய படம் விரித்தபடியே கிடந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா. எடுத்து, பந்தல் போடுகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். கை நடுங்கியதில் அது புள்ளியாக விழவில்லை, சின்னக் கோடாக இழுத்துவிட்டது.

கவிதா குனிந்து பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தப்பு என்று கேட்பாள், அல்லது யோசிப்பாள் என்று காத்திருந்தேன்.

"பரவாயில்ல சார், கறையெல்லாம் ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றாள் அன்பாக. "வேற பிரிண்ட் எடுத்துக்கிறேன்."